மூன்று வரிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

ஒரு விஷயம் லேசாக, சிரமமில்லாமல் விளங்கினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்பது எங்கள் அலுவலகத்தின் கொள்கை. விளங்காவிட்டால் பயமில்லை. விளங்காத கடிதம் வந்தால் பணிப்பாளர் ஒப்பமிட்டு அனுப்பிவிடுவார். விளங்குகிற கடிதம் வந்தால் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இதை யார் எழுதினார், ஏன் இப்படி எழுதினார் என்று இரண்டு நாள் யோசிப்பார். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு லேசான மொழியை உருவாக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது 2007ஆம் ஆண்டு, யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடற்போக்கு அனுமதித் தகவல் நிலையம் என்று ஓர் அலுவலகம். இறக்கக்கண்டியிலிருந்து குச்சவெளி வரைக்கும் கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் மாதா மாதம் பாஸ் வேண்டும். பாஸ் அட்டையை வேறோர் அலுவலகம் கொடுக்கும். கொடுக்கப்பட்டவர்களின் பட்டியலைக் காட்டுவது எங்கள் வேலை. முன்பு அந்தப் பட்டியல் ஒரு கொப்பியில் இருந்தது. கரையோர வீதியிலுள்ள இராணுவச் சோதனைச் சாவடியில் அட்டையை வாங்கி, கொப்பியில் பெயரைத் தேடுவார்கள். இருந்தால் விடுவார்கள். இதில் யாருக்கும் பெருமை இல்லை. ஆகவே வலைத்தளம் வந்தது. மங்கள விளக்கேற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள், பழைய கொப்பிகளை முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். இனிமேல் கடதாசி செல்லாது, கணினிப் பக்கத்தில் பெயர் தெரிந்தால்தான் பாஸ் அட்டையும் செல்லும் என்று சுற்றுநிருபம் வந்தது.

நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். பெயர் யோகலிங்கம். பக்கத்தைக் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற கணினியைச் சேர்வர் என்போம். அது ஓர் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. யாரை விடுவது, யாரை மறிப்பது, எந்த மாதத்துப் பட்டியலைக் காட்டுவது என்று அதற்குச் சொல்ல ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. தொள்ளாயிரம் வரி, முழுக்க ஆங்கிலம், எங்கு பார்த்தாலும் கோண அடைப்புக்குறி. மாதம் மாறும்போது அதைத் திருத்த எனக்கு ஒன்றரை நாள் போகும். ஒரு குறி தவறினால் சேர்வர் எழும்பாது. ஏப்ரல் மாதம் எனக்குச் சிக்குன்குனியா வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். ஒன்பது நாளும் சாவடியில் மார்ச் பட்டியல்தான். ஐம்பது வள்ளம் கரையில் கிடந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நான் இல்லாவிட்டாலும் யாரும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்து, இரண்டு மாதம் வீட்டில் இருந்து ஒரு சின்ன மொழியை எழுதினேன். அதில் மொத்தக் கோப்பும் இவ்வளவுதான்:

பட்டியல் யூலை
விடு சாவடி
மறி மற்றோரை

இந்த மூன்று வரியை என் நிரல் எடுத்து, அந்தத் தொள்ளாயிரம் வரியாக மாற்றிச் சேர்வருக்குக் கொடுத்துவிடும். ஒரே ஒரு விதி. சேர்வர் மேலிருந்து கீழே வாசிக்கும். வந்தவருக்குப் பொருந்துகிற முதலாவது வரி விடச் சொன்னால் விடும், மறிக்கச் சொன்னால் மறிக்கும். அதற்குப் பிறகு உள்ள விடு, மறி வரிகளை வாசிக்காது; பட்டியல் வரி மட்டும் எங்கே நின்றாலும் சரி.

சோதித்துப் பார்க்க, எங்களுக்குத் தேநீர் போடுகிற நல்லம்மா அக்காவிடம் காட்டினேன். அவர் தம்பலகாமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஐந்தாம் வகுப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார்.

"யூலை மாசத்துப் பட்டியல். சாவடியில நிக்கிற ஆக்களை விடு, மற்ற ஆக்களை மறி. இதைத்தானே எழுதி வைச்சிருக்கிறீங்கள்?"

"ஓம் அக்கா! அதேதான்!"

"இதுக்கோ தம்பி உங்களுக்குச் சம்பளம் தாறாங்கள்?" என்று கேட்டுவிட்டுக் கேத்திலை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே பணிப்பாளரிடம் போனேன்.

பணிப்பாளர் குணரத்தினம் அவர்கள் கோப்பை வாசித்தார். வாசித்து முடித்ததும் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யோகலிங்கம், எனக்கு இது விளங்குது."

"ஓம் சேர்."

"என்ன ஓம் சேர்? முப்பத்தொரு வருஷ சேவையில நான் ஒரு கடிதத்தையும் விளங்கி ஒப்பமிட்டதில்லை. விளங்கினால் பொறுப்பு வந்திடும். அந்தப் பழைய கோப்பு எவ்வளவு நல்ல கோப்பு! ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது, ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது. இதைப் பார்த்தால் ஆரும் கேள்வி கேட்பான். வேற ஆருக்குக் காட்டினீர்?"

நான் உண்மையைச் சொன்னேன். உண்மை சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள ஒரு நோய்.

"தேத்தண்ணி போடுறவவுக்கும் விளங்கினதோ!" என்று பணிப்பாளர் நெஞ்சில் கை வைத்தார். "உடனே குழுவைக் கூப்பிடும்."

அப்படித்தான் மொழிப் பாதுகாப்பு மீளாய்வுக் குழு பிறந்தது. பணிப்பாளர் தலைவர். பாதுகாப்பு இணைப்பாளர் ஆனந்தராசாவும் நிர்வாக அலுவலர் முனாப்பும் உறுப்பினர்கள். நான் குற்றவாளி என்று சொல்லவில்லை, அழைக்கப்பட்டவர் என்று கூட்டக் குறிப்பில் போட்டார்கள். ஆனால் என் கதிரையை மட்டும் மேசையிலிருந்து ஆறடி தள்ளி, சுவரோடு போட்டிருந்தது.

ஆனந்தராசா யாரையும் பார்த்த மாத்திரத்தில் நம்பாதவர். தன் கைக்கடிகாரத்தையே இரண்டு தரம் பார்ப்பார். அவர் என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூண்டு வரிதானோ? மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்லை சேர். இவ்வளவும்தான்."

"தொள்ளாயிரம் வரி இருந்த இடத்தில மூண்டு வரி. அப்ப எண்ணூற்றித் தொண்ணூற்றேழு வரியை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

"ஒளிக்கேல்லை சேர். நிரல் தானாக எழுதும்."

"தானாக எழுதுமோ?" அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார். "இந்த வரி எங்கயிருந்து வருது?"

"நான் எழுதினது சேர்."

"எங்க போகுது?"

"சேர்வருக்கு."

"என்ன நோக்கம்? எப்ப திரும்பும்?"

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்துவிட்டேன். ஆனந்தராசா சிரிக்கவில்லை. நிலாவெளிக்குப் போகிற மனுசனே இவ்வளவும் சொல்லித்தான் போகிறான், ஒரு வரிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டார். குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரம் என் இரண்டாம் வரி இப்படி ஆனது:

விடு சாவடி, புறப்படும் இடம் அலுவலகம், சேரும் இடம் சாவடி, நோக்கம் பார்த்தல், திரும்பும் நேரம் மாலை ஆறு மணிக்கு முன், பொறுப்பாளர் யோகலிங்கம், அடையாள அட்டை இலக்கம் இன்னது.

அதற்குப் பிறகு வதிவிடப் பிரச்சினை வந்தது.

"இந்த வரி எங்க தங்குது?" என்று ஆனந்தராசா கேட்டார்.

"கோப்பில சேர்."

"கோப்பு?"

"அலுமாரிக்குள்ள."

"அப்ப அலுமாரி எந்தக் கிராம சேவகர் பிரிவுக்குள்ள வருதோ, அவரிட்ட நன்னடத்தைக் கடிதம் எடுக்க வேணும். மூண்டு வரிக்கும் தனித்தனிய. ஒண்டாகத் தந்தால் எந்த வரி நல்லது, எந்த வரி கெட்டதெண்டு எப்பிடித் தெரியும்?"

கிராம சேவகர் நல்ல மனுசன். இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள், இந்த ஆளிடமிருந்து தப்ப வேறு வழியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுதித் தந்தார். அந்தக் கடிதம் இன்னும் எனக்கு மனப்பாடம்: 'மறி மற்றோரை எனும் வரியை நான் கடந்த ஆறு மாத காலமாக நேரில் அறிவேன். அது எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பது. எந்தவிதக் குற்றச் செயலிலும் ஈடுபடாதது. மது அருந்தாதது.' வரி பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லி இன்னும் இரண்டு நாள் அலைய எனக்குத் தெம்பு இல்லை.

முனாப்பை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்; நல்லவர், பண்பானவர். மீன் வைத்த மாலுபாண் வாங்கினால் எனக்கும் பாதி தருவார். ஆனால் சுற்றுநிருபம் என்று ஒன்று கையில் இருந்தால் அவரைப் பிடிக்க முடியாது. நான்காம் கூட்டத்தில் அவர் ஒரு சுற்றுநிருபத்தை எடுத்தார்.

"தம்பி, குறை நினைக்க வேணாம். அரச ஆவணம் எதிலயும் ஆக்களின்ட பேர் பதவி வரிசையிலதான் வரணும். இதில ஒங்கட பேர் மட்டும்தான் இருக்கு. பணிப்பாளரிட பேர் எங்க?"

பணிப்பாளர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"நானும் ஒரு மாசமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார்.

அதோடு ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வொரு வரி தருவது என்றும், அவை பதவி வரிசையில் நிற்பது என்றும் முடிவானது. பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு தன் வரியைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். கடைசியில் என் 'மறி மற்றோரை' தேவையில்லாமல் போய், புறப்படும் இடம் முதலான விவரங்களை விட்டுச் சொன்னால், கோப்பு இப்படி வந்தது:

மறி எல்லோரையும் – பணிப்பாளர் குணரத்தினம்
மறி சந்தேகத்துக்குரியோரை – பாதுகாப்பு இணைப்பாளர் ஆனந்தராசா
மறி லீவு நாட்களில் – நிர்வாக அலுவலர் முனாப்
விடு சாவடி – யோகலிங்கம்
பட்டியல் யூலை – யோகலிங்கம்

நான் தாளைப் பணிப்பாளர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சேர், இது மேலிருந்து கீழ வாசிக்கும். உங்கட வரியில எல்லாரையும் மறிச்சுப்போட்டு நிண்டிடும். பிறகு சாவடிக்காரருக்கும் பட்டியல் தெரியாது."

"கீழ இருக்கிற வரியளை வாசிக்காதோ?"

"வாசிக்காது சேர்."

"அப்ப மிக நல்லது. மேலதிகாரி ஒண்டு சொன்ன பிறகு கீழ உள்ளவன் என்ன சொல்லுறான் எண்டு கேக்கிறதே பிழை. இந்தக் கணினிக்கு இருக்கிற ஒழுங்கு இங்க உள்ள ஆக்களுக்கு இல்லை."

"சேர், விடு சாவடி எண்ட வரியை மட்டும் முதலில போடுவமே. ஒரு வரிதானே. தயவு செய்து."

ஆனந்தராசா மெல்லக் கொப்பியைத் திறந்தார். "யோகலிங்கம், நானும் ஒரு மாசமாகக் கவனிக்கிறன். மறி எண்டு எத்தனை வரி வந்தாலும் நீர் ஒண்டும் கதைக்கிறேல்லை. விடு எண்டதுக்கு மட்டும் துடிக்கிறீர். ஆரை விடப் பாக்கிறீர்?"

நான் கோப்பை அப்படியே எழுதி முடித்தேன். அந்த நாட்களில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டவன் எவனும் சுகமாக வீட்டுக்குப் போனதில்லை.

யூலை இருபத்துநான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, சுபவேளை காலை ஒன்பது பன்னிரண்டுக்குப் புதிய கோப்பு அலுமாரிக்குள் குடிபுகுந்தது. அலுமாரிக்கு மூன்று பூட்டுப் போட்டார்கள். மூன்று திறப்பும் மூன்று அதிகாரிகளிடம். திரையும் விசைப்பலகையும் உள்ளேதான், வேறு வழியால் மாற்றவும் முடியாது. பணிப்பாளர் தன் மேசைக் கணினியில் பக்கத்தைத் திறந்தார். 'அனுமதி இல்லை' என்று வந்தது. ஆனந்தராசா திறந்தார். அவருக்கும் இல்லை. முனாப் நானாவுக்கும் இல்லை. மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள்.

"என்னையே விடேல்லை!" என்று பணிப்பாளர் உருகிப் போனார். "என்னையே விடாததெண்டால் வேற ஆரை விடப் போகுது?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். இறக்கக்கண்டி, பெயர் புஸ்பராணி. கையில் பாஸ் அட்டை ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். அட்டை அவருடைய கணவர் இராசதுரையினுடையது. பணிப்பாளரின் கதவும் ஆனந்தராசாவின் கதவும் திறக்காததால் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இவர் செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போனவர். சாவடியில பாத்து, பேர் இருக்கெண்டு விட்டவங்கள். பதினொரு மணிக்குக் கரைக்கு வந்தால், பக்கத்தில பேர் இல்லையெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். அட்டை இந்தா இருக்கு, மாசம் முடியுமட்டும் செல்லும். அட்டை மட்டும் போதாதாம். பேர் பக்கத்தில தெரிய வேணுமாம். வாற வெள்ளிக்கிழமை பேர் தெரியாத ஆக்களையெல்லாம் பஸ்ஸில ஏத்தித் தெற்கில இருக்கிற தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க போனால் எப்ப வருவார் தம்பி?"

மனுசன் போகும்போது அனுமதியோடு போயிருக்கிறார். அவர் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் இங்கே சுபவேளை பார்த்திருக்கிறோம். ஒன்பது மணிக்குப் பிறகு சாவடிக்கு வந்த மற்றவர்கள், விடாததால் கடலுக்கே போகாமல் கரையில் குந்தியிருந்தார்கள். அதற்கு முன், விடிய இறங்கியவர் இவர் ஒருவர்தான்.

"அக்கா, நான் பாக்கிறன்," என்றேன்.

"பாக்கிறன் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"ஒரு வரியை மேலே தூக்கி வைக்க வேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ? அப்ப இப்பவே வையுங்கோ!"

அவருக்கு நான் எப்படிச் சொல்ல?

பணிப்பாளரிடம் போனேன். வரியை இடம் மாற்றுவதா, இடம் மாறுவதற்கு அந்த வரி முன் அனுமதி எடுத்ததா என்று கேட்டார். சாவடிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் சேர் என்றேன். வாய்ப்பேச்சு செல்லாது என்றார். அட்டையைக் காட்டினேன். பக்கத்தில் பெயர் தெரியாத அட்டை போலி அட்டை என்றார். அன்றிரவு நித்திரை இல்லை. நியாயம் சொல்லி இந்த ஆட்களை அசைக்க முடியாது, மரியாதை சொல்லித்தான் அசைக்கலாம் என்று விடியும்போது விளங்கியது.

திங்கட்கிழமை மறுபடி போனேன்.

"சேர், ஒரு சின்னப் பயம். கோப்பில உங்கட பேர்தான் முதலாவதாக நிக்குது. உங்களுக்கு மேல மாண்புமிகு அமைச்சர் இருக்கிறார் எல்லோ? அவரிட பேர் கோப்பில எங்கயும் இல்லை. நாளைக்கு ஆரும் பார்த்தால், பணிப்பாளர் தன்னை அமைச்சருக்கு மேல வைச்சிட்டார் எண்டு நினைப்பினமோ தெரியாது."

அவர் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி மேசையில் ஊற்றுண்டது. "ஐயோ கடவுளே! என்ன ஐசே, இதை முதலிலேயே சொல்லுறதில்லையோ!"

"அமைச்சரிட வரியை முதலாவதாகப் போடுவம் சேர். என்ன வரி போடுறது?"

பணிப்பாளர் யோசித்தார். பிறகு தன் வாழ்க்கையிலேயே ஒரு தரம் விளங்கக்கூடியதாகப் பேசினார். "அமைச்சர் எப்பவும் விடு எண்டுதான் சொல்லுவார். சனத்துக்கு முன்னால அவர் விடச் சொல்லுவார், பின்னால நாங்கள் மறிப்பம். அதுதானே நிர்வாகம். விடு சாவடி எண்டே போடும்."

நான் மூச்சு விட்டேன். ஆனால் அது திங்கட்கிழமை. முனாப் நானா மூன்றாம் திறப்போடு அக்குறணைக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் கிராம சேவகரைத் தேடினேன். அமைச்சருடைய வரி என்றதும் பேனையை மூடி வைத்துவிட்டார். அமைச்சருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுத நான் யார் என்று அழுவதுபோலக் கேட்டார். கடைசியில், 'மேற்படி வரிக்கு என்னைத் தெரியாவிட்டாலும் எனக்கு மேற்படி வரியை நன்றாகத் தெரியும்' என்று எழுதித் தந்தார். புதன் மாலை முனாப் நானா வந்தார். வியாழக்கிழமை, ஓகஸ்ட் இரண்டாம் திகதி காலை, மூவரும் சுற்றி நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வரியை ஏற்றினேன். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்க விடவில்லை.

பக்கம் சாவடிக்குத் திறந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் புஸ்பராணி அக்காவோடு பஸ்ஸில் போனேன். சாவடியில் ஒரு கோப்ரல் இருந்தார். சின்ன வயது, அவசரப்படாத மனுசன். அட்டை இலக்கத்தைத் தட்டினார். பெயர் வந்தது! அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். கோப்ரல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

இராசதுரை, இறக்கக்கண்டி. பாஸ் முடிவு யூலை 31. இன்றைய நிலை, அனுமதி இல்லை.

"அக்கா, முந்தநாள் வந்தா நான் விட்டது," என்றார் கோப்ரல். "இப்ப இதில இல்லை எண்டுதான் இருக்கு. நான் என்ன செய்யிறது? பாவம்தான்."

"பிடிச்ச அண்டைக்கு இருந்ததெல்லோ?" என்று அக்கா கத்தினார். சிங்களவரான கோப்ரலுக்கு அந்த வேகத் தமிழ் விளங்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது நீங்கள் எழுதின பாஷையாம். பிடிச்ச அண்டைக்கு இந்த மனுசனுக்குப் பாஸ் இருந்ததெண்டு சொல்ல ஒரு வரி அதில இல்லையோ?"

இல்லை. அதற்கு ஒரு வரி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் இருந்து, லேசாக இருக்கிறதா, வடிவாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, பிடிபட்டவனுக்கு இது என்ன சொல்லும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, பையில் கிடந்த அந்தக் 'கடதாசி செல்லாது' சுற்றுநிருபம் முழுவதையும் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு பந்தி இருந்தது. பக்கம் காட்டியது பிழையென்று பணிப்பாளர் கடிதம் அனுப்பினால் சாவடி அதை ஏற்கலாம். ஆனால் அந்தப் பிழையைச் செய்தவரின் கையொப்பமிட்ட வாக்குமூலம் கூடவே இருக்க வேண்டும்.

அதைக் கொண்டுபோய்ப் பணிப்பாளர் மேசையில் வைத்தேன். மற்ற இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"பிழை எண்டால் எங்க பிழை?" என்றார் பணிப்பாளர். "என்ர வரி சரி. அமைச்சரிட வரி அதைவிடச் சரி."

"எங்கட பக்கத்தில பிழை இல்லை," என்றார் ஆனந்தராசா.

"பிழையை ஏற்கிறதுக்கு ஓர் ஆள் இருந்தால்தான் தம்பி, கடிதம் போகலாம்," என்றார் முனாப் நானா. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மனுசன் உள்ளுக்குள் வெந்தார் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். 'யூலை 24இல் இராசதுரைக்கு அனுமதி இருந்தது. பக்கத்தை மறித்த வரியை நானே யோசித்து, நானே போட்டேன். வேறு எவருக்கும் அதில் பங்கு இல்லை. யோகலிங்கம்.'

என் மூன்று வரிக்கு ஆறு வாரம் எடுத்தவர்கள், இதற்கு நாலு நிமிடம் எடுத்தார்கள். ஒருவரும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவில்லை. ஒருவரும் வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கவில்லை. மூன்று ஒப்பம், ஒரு றப்பர் முத்திரை, சாவடிக்குத் தொலைநகல். ஆனந்தராசா சாவடி முகாமுக்குத் தொலைபேசி எடுத்து, பொறுப்பான ஆளை இன்றைக்கே விசாரணைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். வாய்ப்பேச்சு அப்போது செல்லுபடியானது.

நல்லம்மா அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தவர், மேசையில் கிடந்த பிரதியை வாசித்துவிட்டார்.

"தம்பி, இது பொய்யெல்லோ?"

"ஓம் அக்கா."

"அப்ப இவ்வளவு சந்தேகம் பிடிச்ச ஆக்கள் இதில மட்டும் ஏன் ஒரு சந்தேகமும் படேல்லை?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆனந்தராசாவோடு வாகனத்தில் ஏறினேன்.

முகாமில் என் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிக்கொண்டு, இடுப்புவாரையும் சப்பாத்து நாடாவையும் வாங்கிக்கொண்டு, வெளியே கிடந்த மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு காவல்காரர். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு மனுசனைக் கூட்டி வந்தார்கள். மெலிந்த ஆள், பத்து நாள் தாடி. வாசலில் நின்ற புஸ்பராணி அக்கா ஓடிவந்து அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார். அழுதார். அவர் அழவில்லை, வெளிச்சத்தில் கண் கூசிப்போய் நின்றார். நான் இராசதுரையை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறேன். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

அக்கா என்னைக் கண்டார். வாயைத் திறந்தார், என் பக்கம் ஓரடி வைத்தார்.

இராசதுரை என் அவிழ்ந்த சப்பாத்தைப் பார்த்தார், காவல்காரரைப் பார்த்தார், மனைவியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஆரெண்டு தெரியாது. என்ன செய்தவனோ. கதைக்காதே, வா," என்றார்.

அக்கா கதைக்கவில்லை. அவர் என்னோடு ஒரு சொல் கதைத்திருந்தால் அவருடைய பெயரையும் எழுதியிருப்பார்கள். இரண்டு பேரும் வீதியைக் கடந்து, பஸ்ஸுக்கு நிற்காமல், இறக்கக்கண்டிப் பக்கமாக வேகமாக நடந்தார்கள். அந்த மனுசன் இரண்டு தரம் திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.